பிரஸ் ஷாப்பில் பிறந்த பாட்டு

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்துக்குத் தனியாகப் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். பாதி எழுதும்போதே, இதே கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கிறவர்கள் ஓசூரிலிருந்து தர்மபுரி வரைக்கும் எத்தனையோ பேர் இருப்பார்களே என்று தோன்றியது. அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். உங்கள் பெயரும் கம்பெனி பெயரும் வராது.

ஹாஸ்டல் கட்டிலில் படுத்து ஹெட்போனில் ஹெவி மெட்டல் கேட்கிறீர்கள். பக்கத்துக் கட்டில் தோழி, 'இந்தக் கத்தல்ல உனக்கு என்னதான்டி கிடைக்குது' என்கிறாள். லைனில் கூட வேலை செய்கிறவர் ஒருவர், 'அதெல்லாம் பெங்களூர்ப் பணக்கார வீட்டுப் பிள்ளைங்க பாட்டு, நமக்கு எதுக்கு' என்று சொன்னது உங்களைக் குத்தியிருக்கிறது. 'இங்கிலீஷ் எனக்கு அரைகுறைதான் அண்ணா. நான் நேரில் போய்க் கேட்கலாமா? நீங்கள் போன காலத்தில் எப்படி இருந்தது?' என்று முடித்திருக்கிறீர்கள்.

முதலில் அந்த லைன்காரருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

1965இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் டோனி அயோமி என்று பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். தகட்டு உலோகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. கிட்டார் நன்றாக வாசிப்பான். ஒரு இசைக்குழுவோடு ஜெர்மனிக்குப் போகப்போகிறான் என்பதால் வேலையை விடுகிறான். அன்றைக்குக் கடைசி நாள். வழக்கமாகப் பிரஸ் மெஷினை ஓட்டும் பெண் அன்று வேலைக்கு வரவில்லை, அவள் இடத்தில் இவனை நிற்க வைத்தார்கள். மெஷின் இறங்கி வலது கையில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியையும் எடுத்துக்கொண்டது. அவன் இடக்கைக்காரன். கிட்டாரில் தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கை விரல்கள்தான்.

இனி வாசிக்கவே முடியாது என்றுதான் மருத்துவர்கள் சொன்னார்கள். தொழிற்சாலை மேலாளர் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவரின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். தீவிபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் உலகம் வியக்க வாசித்த கலைஞர் அவர். அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பி செய்தான், மேலே தோல் ஒட்டினான். கனமான தந்திகளை அழுத்த முடியாததால் மெல்லிய தந்திகளைப் பூட்டினான். பின்னால் தந்திகளின் முறுக்கைத் தளர்த்திச் சுருதியையே இறக்கினான். 1968இல் அவனும் ஓஸி ஆஸ்போர்னும் கீஸர் பட்லரும் பில் வார்டும் சேர்ந்த குழுதான் பிளாக் சபாத் ஆனது. 1970 பிப்ரவரியில் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்தது. ஹெவி மெட்டல் என்று நீங்கள் ஹெட்போனில் கேட்பதெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஓஸி என்ன வேலை செய்தார் தெரியுமா? கார் ஹார்ன் சரியாக ஒலிக்கிறதா என்று சோதித்துச் சரிசெய்யும் வேலை. அவர் அம்மா வேலை பார்த்த லூகாஸ் தொழிற்சாலையில். அதே லூகாஸ்தான் 1961இல் டி.வி.எஸ்ஸோடு சேர்ந்து சென்னை பாடியில் ஆலை போட்டது. பர்மிங்காம் பக்கத்திலிருந்தே வந்த ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் கிட்டார்காரர் க்ளென் டிப்டன் பிரிட்டிஷ் ஸ்டீல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவர்கள் 1980இல் போட்ட ஆல்பத்தின் பெயரும் பிரிட்டிஷ் ஸ்டீல்.

பணக்காரப் பிள்ளைகள் கேட்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது யார் பாட்டு என்று கேட்டால், ஷிப்டுக்குப் போகிறவர்கள் உண்டாக்கிய பாட்டு. சிப்காட்டில் வேலை செய்கிறவர் அதை அந்நியம் என்று சொல்லக் கேட்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

நானும் பிரஸ் ஷாப்பில்தான் இருந்தேன். பஸ், லாரிக்குச் சின்னச் சின்னத் தகட்டுப் பாகம் அடித்துக் கொடுக்கும் ஒரு யூனிட். பவர் பிரஸ்ஸுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்ட்ரிப்பை டைக்குள் தள்ளி, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ஸ்ட்ரோக் விழ வேண்டும். கை உள்ளே இருக்கும்போது மெஷின் இறங்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. உற்பத்தி எண்ணிக்கை குறைகிறது என்று ஒரு பட்டனை எப்போதும் அழுந்தியே இருக்கும்படி ஒயரால் கட்டிவிடுவார்கள். என்னோடு ஒரே பேருந்தில் வந்துபோன நண்பனுக்கு அப்படித்தான் ஆள்காட்டி விரலில் ஒரு கணு போயிற்று. மெஷினைக் கழுவி, மறு ஷிப்டுக்கு வேறு ஆளை உட்கார வைத்தார்கள். அயோமியின் கதையை நான் படித்தது அதற்குப் பிறகு. படித்த அன்றைக்கு பிளாக் சபாத்தின் 'பாரனாய்ட்' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை மறுபடி கேட்டேன். அதில் இருக்கும் கனம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பாட்டை எனக்குக் காட்டியவர் கே.ஜி.எஃப்.காரர். எங்கள் யூனிட்டில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர், நாங்கள் எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். கோலார் தங்கச் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடினார்கள். அப்போது அங்கிருந்து பிழைப்புத் தேடிக் கிளம்பிய தமிழ்க் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வெள்ளைக்காரத் துரைமாரும் ஆங்கிலோ இந்தியர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் ஒரே ஊரில் பல காலம் இருந்த இடம் அது. அங்கே கிட்டார் இல்லாத தெரு குறைவு என்பார் அண்ணா. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எம்பி3 சிடியை எடுத்து என் கையில் வைத்து, 'கேட்டுப் பாருப்பா, பிடிக்கலன்னா திருப்பிக் குடு' என்றார். நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன். அந்த அளவுக்குப் பெரிய ஹெவி மெட்டல் குழு ஒன்று இந்தியாவில் மேடையேறியது அதுவே முதல் முறை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஓ.டி. காசைச் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தோம். அண்ணாவும் நானும் காலையில் கிளம்பி, அத்திப்பள்ளி தாண்டி, சில்க் போர்டு நெரிசலில் வெந்து, மேக்ரி சர்க்கிள் பக்கம் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. கேட் முன்னால் நின்ற வரிசையைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. கருப்பு பனியன், கருப்பு பனியன், கண்ணுக்கு எட்டிய வரை கருப்பு பனியன். அதுவரை இந்தப் பாட்டைக் கேட்கிறவர்கள் உலகத்திலேயே நானும் அண்ணாவும்தான் என்பது போல ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. ஷில்லாங்கிலிருந்து வந்தவர்கள், கொச்சியிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்தவர்கள், சேலத்திலிருந்து எங்கள் ரூட் பேருந்திலேயே வந்து இறங்கியவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற கன்னடக்காரர் அவராகவே திரும்பிப் பேச்சுக் கொடுத்தார். அன்று தொடங்கிய நட்பு அது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் டெல்லியின் பரிக்ரமா குழு வயலினோடு வந்து வாசித்தது. மெய்டனின் பேஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸும் பாடினார். பிறகு விளக்கு அணைந்தது.

நீங்கள் ஆங்கிலம் அரைகுறை என்றீர்களே, அதற்கு இந்த இடத்தில் பதில் இருக்கிறது. அவர்களுக்கு 'ஃபியர் ஆஃப் தி டார்க்' என்று ஒரு பாட்டு உண்டு. தொடக்கத்தில் கிட்டார் ஒரு மெட்டை வாசிக்கும், அதற்கு வார்த்தையே கிடையாது. உலகத்தில் எந்த ஊரில் அதை வாசித்தாலும் கூட்டம் அந்த மெட்டை வாய்விட்டுப் பாடும். பேலஸ் கிரவுண்ட்ஸிலும் பாடியது. என் வலப்பக்கம் தெலுங்கு, இடப்பக்கம் மலையாளம், பின்னால் என்ன மொழியென்றே தெரியாத வடகிழக்குப் பையன்கள், எல்லோர் தொண்டையிலும் ஒரே மெட்டு. எனக்கு மேடையில் இருந்தவர்களின் பேச்சு பாதி புரியவில்லை. அதனால் எதையும் தவற விட்டதாக இன்று வரை தோன்றவில்லை.

இன்னொன்றும் அன்றைக்கு நடந்தது. டிரம்மர் நிக்கோ மெக்ப்ரைன் காலால் பேஸ் டிரம்மை அடித்ததும் என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. ஹெட்போனில் பல வருஷம் கேட்டவனுக்கு இது புதுசாக இருந்திருக்க வேண்டும், ஆனால் உடம்பு அதை ஏற்கெனவே அறிந்திருந்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் சிவராத்திரியை ஒட்டி எங்கள் காவேரிப்பட்டினத்தில் மயானக் கொள்ளை முடிந்திருந்தது. அங்காளம்மன் புறப்பாட்டில் பம்பைக்காரர்களுக்கு நடுவில் நின்றவர்களுக்கு இது தெரியும். பம்பையைக் காது கேட்பதற்கு முன்னால் வயிறு கேட்டுவிடும். உங்கள் ஊரும் நம் பக்கம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகையால் நேரில் கேட்டால் எப்படி இருக்கும் என்ற கேள்விக்குப் பாதி பதில் உங்களிடமே இருக்கிறது. தாழ்ந்த அதிர்வெண் ஒலியைச் சின்ன ஹெட்போன் காதுக்கு மட்டும்தான் தரும். மேடைக்குக் கீழே வரிசையாக அடுக்கிய பெரிய சப்வூஃபர்கள்தான் அதை உடம்புக்குத் தர முடியும். ஹாஸ்டல் கட்டிலில் நீங்கள் கேட்பது பாட்டின் மேல்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு திரும்பும்போது பேருந்தே வேறு துக்கத்தில் இருந்தது. வெஸ்ட் இண்டீஸில் உலகக் கோப்பை, இந்தியா வங்கதேசத்திடம் 191 ரன்னுக்குச் சுருண்டுவிட்ட செய்தி அத்திப்பள்ளி வரும்போதே வந்துவிட்டது. கண்டக்டர் முதல் கடைசி சீட் வரை டிராவிட்டையும் தோனியையும் திட்டிக்கொண்டு வந்தார்கள். அண்ணாவும் நானும் காது இரைந்தபடி, தொண்டை கட்டியபடி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தோம். கிருஷ்ணகிரியில் இறங்கி, சேலம் வண்டி ஒன்றைப் பிடித்து, தென்பெண்ணைப் பாலம் வருவதற்குள் விடியத் தொடங்கிவிட்டது.

பேருந்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்குக் கச்சேரி என்பது பாதி கச்சேரி, பாதி பயணம். பெங்களூர்க்காரர் இரவு பதினோரு மணிக்கு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இந்தியா முழுக்கப் பொதுவாக இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. ரசிகர்கள் பலர் அதை நொந்துகொள்வார்கள். நான் அந்த விதிக்கு நன்றி சொல்வேன். பத்துக்கு முடிந்தால் மடிவாளாவில் சேலம் வண்டி பிடிக்கலாம், மறுநாள் வேலைக்கும் போகலாம்.

2009 பிப்ரவரியில் மெய்டன் மறுபடி பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தார்கள், அதற்கும் போனோம். அதற்கு முந்தைய ஆண்டு மும்பையிலிருந்துதான் பாடகர் புரூஸ் டிக்கின்சன் தானே போயிங் 757 விமானத்தை ஓட்டிக்கொண்டு உலகம் சுற்றும் அந்தப் பயணத்தைத் தொடங்கியிருந்தார். பாடகரே விமானியும் என்பதில் அண்ணாவுக்கு அளவில்லாத பெருமை, ஃபிட்டர் அல்லவா.

மெட்டாலிகா குழு பெங்களூருக்கு வந்தது 2011 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி முடிந்த நாலாம் நாள். இரண்டு நாள் முன்பு டெல்லிக்குப் பக்கத்தில் குர்கானில் நடக்க இருந்த நிகழ்ச்சி, தடுப்பு வேலி பாதுகாப்பாக இல்லையென்று கடைசி நேரத்தில் நின்றுபோய், கோபப்பட்ட கூட்டம் மேடையில் ஏறி உடைத்தது. பெங்களூரும் நின்றுவிடுமோ என்று ஷிப்டு முழுக்க வயிற்றைக் கலக்கியது. நிற்கவில்லை. ஸ்காட்லாந்தின் பிஃபி க்ளைரோ முன்னால் வாசித்தார்கள், பிறகு அவர்கள்.

அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டே இருந்தது மெட்டாலிகாவின் கிட்டார்காரர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது கையைத்தான். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டில் தாளம் நிமிஷத்துக்கு 200க்கு மேல் ஓடும். சாதாரணமாகக் கிட்டார்காரர்கள் மேலும் கீழுமாகத் தந்தியைத் தட்டுவார்கள், அது சுலபம். அவர் எல்லா அடியையும் மேலிருந்து கீழாகவே அடிக்கிறார். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே கனத்தில், ஒரே இடைவெளியில் விழுகிறது. திரையில் மணிக்கட்டைப் பெரிதாகக் காட்டியபோது அண்ணா என் காதருகே, 'பிரஸ் ஸ்ட்ரோக்குப்பா' என்று கத்தினார். நாள் முழுக்க ஸ்ட்ரோக் சத்தத்தில் நிற்கிறவன் சாயங்காலம் அதே சத்தத்தைக் காசு கொடுத்துக் கேட்கப் போவானா என்று வீட்டில் கேட்பார்கள். போவான் தங்கை. பகலில் அந்தச் சத்தத்துக்கு நான் அடங்கி நடக்க வேண்டும், டார்கெட் அதன் கையில் இருக்கிறது. மைதானத்தில் ஒரு மனிதன் அதைத் தன் மணிக்கட்டில் வைத்திருந்தான்.

எங்கே நின்று கேட்பது என்று அண்ணாதான் சொல்லிக்கொடுத்தார். புதுசாகப் போகிறவர்கள் எல்லோரும் மேடை ஓரத் தடுப்புக்கு ஓடுவார்கள். அங்கே முகம் தெரியும், ஒலி தெளிவாக இருக்காது, நெரிசலும் தாங்காது. மைதானத்தின் நடுவில், மேடைக்கு நேர் எதிரே, கூடாரம் போட்டு ஒலிப் பொறியாளர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் இருக்கும் பெரிய பலகையைக் கன்சோல் என்பார்கள். அவர் தன் காதில் எப்படி விழுகிறதோ அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார். அவருக்குப் பக்கத்தில் நின்றால் அவர் கேட்பதையே நீங்களும் கேட்கலாம். ரொம்பப் பின்னால் போனால் வேறொரு சங்கதி. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், ஆகவே நூறு மீட்டர் பின்னால் நிற்கிறவருக்கு டிரம்மரின் கை இறங்கி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நொடி கழித்தே அடி கேட்கும். அதனால் நடுநடுவே ஸ்பீக்கர் கோபுரங்களை நிறுத்துவார்கள். மேடையிலிருந்து வரும் ஒலியோடு சேர்ந்து கேட்க வேண்டும் என்று அவற்றை அதே அளவு தாமதப்படுத்தியே ஒலிக்கச் செய்வார்கள். இந்த வேலையைச் செய்கிறவர்கள் பெயர் எந்தப் போஸ்டரிலும் வராது. மெட்டாலிகா அன்று அவ்வளவு கூர்மையாகக் கேட்டதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

காதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் தொழிற்சாலையில் சத்தம் அதிகமுள்ள பகுதிக்குப் போக ஃபோம் இயர்பிளக் கொடுப்பார்களே, விரலில் உருட்டிக் காதில் வைத்தால் விரிந்து அடைக்குமே, அதுதான். அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் இருக்கலாம் என்கிறது. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ராக் கச்சேரி சுலபமாக 100ஐத் தொடும், இரண்டு மணி நேரம் நடக்கும். 2007இல் காது மூன்று நாள் இரைந்தபோது நாங்கள் அதைப் பெருமையாக நினைத்தோம். பிறகு ஆரஞ்சு நிற பிளக்கை அண்ணா ஷாப்பிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார். பிளக் வைத்தால் பாட்டு கெட்டுவிடாது. கூர்மையான சத்தம் மட்டுப்பட்டு, நெஞ்சில் விழும் அடி அப்படியே இருக்கும்.

2012இல் பெங்களூர் ஓப்பன் ஏர் என்ற மெட்டல் விழா தொடங்கியது. அதில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து கிரியேட்டர் வாசித்தார்கள். எஸ்ஸன் என்பது நிலக்கரிச் சுரங்கமும் க்ருப் எஃகு ஆலையும் இருந்த ரூர் பள்ளத்தாக்கு ஊர். அதே பகுதியின் சோடம் குழுவில் பாடுகிற டாம் ஏஞ்சல்ரிப்பர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். இதை அண்ணாவுக்குச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர்.

அதே ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி ஸ்லேயர் குழு. இடம் ஹெப்பாளுக்கு அப்பால், தணிசந்திரா பக்கம் பாரதிய சிட்டி. கச்சேரி பிரமாதம், திரும்பியதுதான் பெரும்பாடு. நகரத்தின் வடக்கு மூலையிலிருந்து தெற்கு மூலையில் சில்க் போர்டு வர ஆட்டோக்காரர் ஒன்றரை மீட்டரில் தொடங்கி அதற்கு மேலும் கேட்டார். மைதானங்கள் நகரத்தின் வடக்கே நகர நகர, நம் ஓசூர் ரோட்டுக்காரர்களுக்குச் சுமை கூடிக்கொண்டேதான் போகிறது. டிக்கெட் விலையை எல்லோரும் பேசுகிறார்கள், இதை யாரும் பேசுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு கனகபுரா ரோட்டில் ஃபயர்ஃபிளைஸ் ஆசிரமத்து விழாவாகத்தான் இருந்தது. பெரிய ஆலமரத்தடியில் படிக்கட்டு அரங்கு, சாயங்காலம் தொடங்கி விடிய விடிய இசை. அறை எடுக்க வேண்டாம், கடைசி வண்டியைப் பற்றிய கவலை வேண்டாம். போர்வை கொண்டுபோனால் போதும், காலையில் முதல் பேருந்து. பெண்கள் நிறைய வருவார்கள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்கும் அம்மாக்களையும் அங்கேதான் பார்த்தேன். நிப்பட் பொட்டலம் ஒன்றை ஊரிலிருந்து கொண்டுபோய் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தால் அப்புறம் இரவு முழுக்க அவர்கள் உறவுக்காரர்கள்.

இப்போது அந்தக் கன்னட நண்பர். 2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை, காவிரித் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் கலவரம். தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளைக் கொளுத்தினார்கள், ஒரே டிப்போவில் கே.பி.என். பேருந்துகள் நாற்பதுக்கு மேல் எரிந்தன. நான் அன்று கம்பெனி வேலையாக அங்கே இருந்தேன். இரண்டு மாநிலப் பேருந்தும் நின்றுவிட்டது. அவர் வந்து என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்துக்கொண்டார். அவர் அம்மா என்னிடம் தமிழில் பேச முயன்றதும் சுவரில் மெய்டன் டிக்கெட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததும் நினைவில் இருக்கின்றன. மூன்றாம் நாள் தன் கே.ஏ. நம்பர் பைக்கில் அத்திப்பள்ளி வரை கொண்டுவந்து விட்டார். பை, குழந்தை, பெட்டி என்று சுமந்துகொண்டு ஜனங்கள் எல்லையைக் கால்நடையாகவே கடந்துகொண்டிருந்தார்கள். நானும் ஜூஜூவாடி வரை அவர்களோடு நடந்தேன். ஒன்பது வருஷம் முன்பு வரிசையில் அவர் எனக்கு முன்னால் நிற்காமல் இருந்திருந்தால் அந்த ஊரில் எனக்குக் கதவு திறக்க ஒருவர் இருந்திருக்க மாட்டார்.

கடைசியாக ஒரு கச்சேரியைச் சொல்ல வேண்டும். 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறிய நாள். இயக்குநர் பா. இரஞ்சித் முன்னின்று நடத்த, டென்மா இசையமைத்த குழு. சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசர் சொன்னதிலிருந்து வந்த பெயர். பறை, கானா, எலெக்ட்ரிக் கிட்டார், ராப் எல்லாம் ஒரே மேடையில். பதினோரு வருஷமாக மைதானங்களில் ஆங்கிலத்தில் கேட்டுவந்த கோபத்தை அன்றுதான் என் மொழியில் முழு ஒலிபெருக்கியில் கேட்டேன். பறை அடிப்பவர்கள் மேடையின் முன்வரிசையில் நின்றார்கள். கூட்டத்தில் கருப்பு பனியன்காரர்களுக்குப் பக்கத்தில் வீட்டுச் சேலையில் வந்த பாட்டிகள் நின்றார்கள். பேலஸ் கிரவுண்ட்ஸில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத கூட்டம் அது. அதற்காக நான் பேலஸ் கிரவுண்ட்ஸைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டும் எனக்கு வேண்டும்.

2025 ஜூலை 5ஆம் தேதி பிளாக் சபாத்தின் முதல் நால்வரும் கடைசி முறையாகச் சேர்ந்து வாசித்தார்கள். இடம் பர்மிங்காமில் வில்லா பார்க் மைதானம், ஓஸி வளர்ந்த ஆஸ்டனிலேயே. மெட்டாலிகாவும் ஸ்லேயரும் அன்று மேடையேறி அவர்களுக்கு மரியாதை செய்தார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓஸி சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். அயோமி அந்த விரல் தொப்பிகளோடுதான் வாசித்தார். பதினேழு நாள் கழித்து, 22ஆம் தேதி, ஓஸி போய்விட்டார். ஹார்ன் சோதித்தவர் வீட்டுப் பக்கத்து மைதானத்திலேயே விடைபெற்றதை அண்ணாவும் நானும் போனில் நீண்ட நேரம் பேசிக்கொண்டோம்.

சரி, நீங்கள் போவது பற்றி. பெண் தனியாகப் போகலாமா என்று நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அது இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன். 2007இல் எங்களைச் சுற்றி இருந்த பெண்களை விரல்விட்டு எண்ணலாம். பிறகு ஆண்டுக்கு ஆண்டு கூடினார்கள். முன்வரிசை நெரிசலில் பெண்களுக்குத் தொல்லை நடந்ததும் உண்டு, அதைத் தட்டிக் கேட்டு ஆளை வெளியே தள்ளிய கூட்டமும் உண்டு. முதல் முறை தோழி ஒருத்தியையாவது சேர்த்துக்கொள்ளுங்கள், கத்தல் என்று சொன்ன தோழியாகவே இருக்கட்டும். கன்சோல் கூடாரத்தை ஒட்டி, பக்கவாட்டில் வெளியேறும் வழி தெரிகிற இடத்தில் நில்லுங்கள். அங்கே ஒலிக் குழுவினரும் காவலர்களும் எப்போதும் இருப்பார்கள். வட்டமாக ஓடி இடித்துக்கொள்ளும் கூட்டம் மேடைக்கும் கன்சோலுக்கும் நடுவில்தான் உருவாகும், அதற்குப் பின்னால் இருந்தால் உங்களை எட்டாது. ஷூ போட்டுக்கொள்ளுங்கள், செருப்பு வேண்டாம். மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உள்ளே தண்ணீர் பாட்டிலே விலை அதிகம். ஹாஸ்டலில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள், மறுநாள் சி ஷிப்டோ வார விடுமுறையோ வரும்படி முன்னாடியே மாற்றிக்கொள்ளுங்கள். இரவு ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கி ஹாஸ்டலுக்குத் தனியாக நடக்க வேண்டாம், வண்டி முன்பே பேசி வையுங்கள். முடிந்தால் பெங்களூரிலேயே தெரிந்தவர் வீட்டில் தங்கிக் காலையில் வாருங்கள்.

இயர்பிளக்கை மறக்காதீர்கள். எந்தக் குழு, எந்த மைதானம் என்று முடிவானதும் எனக்கு ஒரு வரி போடுங்கள். அந்த மைதானத்திலிருந்து ஓசூர் ரோட்டுக்கு வர எது நல்ல வழி என்று விசாரித்து எழுதுகிறேன். அண்ணாவும் கேட்டுச் சொல்வார், ரிட்டயர்டு ஆகிவிட்டார், அவருக்கு இப்போது இதுதான் வேலை.

அன்புடன்,
உங்கள் அண்ணன்
காவேரிப்பட்டினம்